பீட்டா-மெர்காப்டோஎத்தனால்: பாட்டிலைத் திறக்கும் முன்

மூலக்கூறு உயிரியல் லேபுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் பீட்டா-மெர்காப்டோஎத்தனாலைப் பற்றிச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: "பயங்கரமா நாறும், ஹூட்ல வச்சுத் திற." நாறும் என்பது உண்மை. ஆனால் நாற்றத்துக்காக மட்டும் ஹூடுக்கு (ஆவியை இழுத்து வெளியேற்றும் பெட்டிக்கு) போகிறவர், மூக்கு பழகிய பிறகோ சளி பிடித்த நாளிலோ, "பத்து மைக்ரோலிட்டர்தானே" என்று மேசையிலேயே திறந்துவிடுவார். இதன் மிகப் பெரிய ஆபத்து தோல் வழியாக வருவது. நீர்க்காத (தண்ணீர் கலக்காத) திரவம் தோலில் பட்டால் உயிரிழப்பு நேரலாம் என்று பாட்டில் லேபிளிலேயே எழுதியிருக்கிறது. ஆய்வகங்களில் நாள்தோறும் புழங்கும் பொருட்களில் இவ்வளவு கடுமையான தோல் எச்சரிக்கை உள்ளவை அதிகம் இல்லை.

அதனால் கவனம் முழுக்க அந்த நீர்க்காத பாட்டில்மேல் இருக்க வேண்டும். அதை எத்தனை தடவை திறக்கிறோம், எங்கே திறக்கிறோம், திறந்தபின் டிப் (பிப்பெட்டின் முனை) எங்கே போகிறது என்ற மூன்றும் ஒழுங்காக இருந்தால், மிச்ச வேலைகளில் இது அடங்கிய பொருள்தான். லேபில் எல்லோரும் சொல்வதுபோல் இனி பி.எம்.இ. என்றே எழுதுகிறேன்.

என்ன பொருள், எதற்கு

நிறமற்ற, சற்றே கெட்டியான திரவம். மூலக்கூறு எடை 78.13, அடர்த்தி ஒரு மி.லி-க்குச் சுமார் 1.11 கிராம், கொதிநிலை 157 டிகிரி செல்சியஸ். தண்ணீரிலும் ஆல்கஹாலிலும் எளிதாகக் கலக்கும். கடையில் வாங்கும் நீர்க்காத திரவம் 14.3 மோலார். கீழே வரும் கணக்கு எல்லாவற்றுக்கும் இந்த எண்தான் அடிப்படை. பாட்டில்மேலேயே மார்க்கரில் எழுதி வைத்துவிடுங்கள்.

மூலக்கூறின் ஒரு முனையில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தயால் தொகுதி இருக்கிறது. அது ஹைட்ரஜனை எளிதாக விட்டுக்கொடுக்கும். இரண்டு பி.எம்.இ. மூலக்கூறுகள் அப்படிக் கொடுத்துவிட்டு, கந்தகத்தோடு கந்தகம் பிணைந்து டைசல்பைடு ஆகின்றன. கொடுத்ததைப் பெற்றுக்கொள்வது புரதத்தின் டைசல்பைடுப் பிணைப்பாக இருந்தால் அந்தப் பிணைப்பு பிரிகிறது. அரைத்த இலையில் உருவாகும் குவினோனாக இருந்தால் இலைச்சாறு பழுப்பாவது நிற்கிறது. அமெரிக்க உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன் ரிபோநியூக்ளியேஸ் என்சைமின் நான்கு டைசல்பைடுகளையும் பிரிக்க 8 மோலார் யூரியாவோடு பயன்படுத்தியது இதைத்தான். இரண்டையும் நீக்கி காற்றில் விட்டபோது என்சைம் தானாகவே மடிந்து பழைய வேலைக்குத் திரும்பியது. புரத மடிப்பு பற்றிய அந்த ஆய்வுகளுக்காக 1972-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இன்று இது அதிகம் செலவாவது நான்கு இடங்களில்: புரதத்தை ஜெல்லில் ஓட்டுவதற்கான லேம்லி லோடிங் பஃபர், செல்லை உடைத்து ஆர்.என்.ஏ பிரித்தெடுக்கும் லைசிஸ் பஃபர், தாவர டி.என்.ஏ-வுக்கான சி.டி.ஏ.பி. பஃபர், நிணநீர்ச் செல் வளர்ப்பு மீடியம். முதல் மூன்றில் சதவீதக் கணக்கில் போகிறது. நான்காவதில் 50 மைக்ரோமோலார் மட்டுமே.

தோல், கண், மூச்சு

உலகளாவிய வகைப்பாட்டு முறையில் தோல்வழி நச்சுக்கு இரண்டாம் வகை என்றால், விலங்கின் உடல் எடையில் கிலோவுக்கு 50-க்கு மேல் 200 மில்லிகிராமுக்குள்ளான அளவு தோலில் பட்டாலே சோதனை விலங்குகளில் பாதி இறக்கின்றன என்று பொருள். பி.எம்.இ. அந்த வகையில் வருகிறது. வாய்வழி, மூச்சுவழி இரண்டிலும் மூன்றாம் வகை. அதாவது விழுங்குவதைவிட மேலே கொட்டிக்கொள்வதற்குத்தான் இதில் கூடுதல் எச்சரிக்கை. மூலக்கூறு சிறியது, நீரோடும் கொழுப்போடும் ஒத்துப்போவது என்பதால் தோலைக் கடப்பது அதற்குச் சுலபம்.

கண்ணில் பட்டால் கடுமையான, நிரந்தரமாகக்கூடிய சேதம். தோலில் எரிச்சல் மட்டுமல்ல, ஒவ்வாமையும் வரலாம். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் பிறகு மிகக் குறைந்த அளவுக்கே தடிப்பு வரும், அவர் அந்த வேலையையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் தலைவலி, குமட்டல், இருமல். நாள்பட்டு உடலில் சேர்ந்தால் பாதிக்கப்படும் உறுப்புகளாக கல்லீரலும் இதயமும் எம்.எஸ்.டி.எஸ்-இல் (பொருளோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளில்) குறிக்கப்பட்டுள்ளன.

அமெரிக்கத் தொழில் சுகாதார வழிகாட்டுதலில் எட்டு மணி நேர சராசரி 0.2 பி.பி.எம், பக்கத்திலேயே தோல்வழி உறிஞ்சலுக்கான குறிப்பும் உண்டு. காற்றை அளக்கும் கருவி சாதாரண லேபில் இருக்காது. மூக்கை அளவுகோலாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. மிகக் குறைந்த அளவிலேயே நாற்றம் தெரிவதால் "நாற்றம் வந்தாலே விஷம்" என்று பயப்படத் தேவையில்லை. அதே சமயம், சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடுவதால் "இப்போது நாறவில்லை" என்பதும் எதையும் நிரூபிப்பதில்லை.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. சமையல் எரிவாயுவில் கசிவு தெரிவதற்காகச் சேர்க்கப்படும் எத்தில் மெர்காப்டனும் இதே குடும்பம்தான். பி.எம்.இ. நாற்றம் வழக்கமாகிவிட்ட தளத்தில் பர்னர் லைனில் உண்மையான கசிவு வந்தாலும், "யாரோ ஜெல் ஓட்டுறாங்க" என்று கடந்து போய்விடுவார்கள். நாற்றத்தை வெளியே விடாமல் வேலை செய்வது அக்கம்பக்கத்தாரின் வசதிக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

எந்த ஹூட்?

தவறு அதிகம் நடக்கும் இடம் இது. பல லேப்களில் லேமினார் ஃப்ளோ, பயோசேஃப்டி கேபினட், ஃப்யூம் ஹூட் மூன்றையும் "ஹூட்" என்றே சொல்கிறோம். கிடைமட்ட லேமினார் ஃப்ளோ வடிகட்டிய காற்றை உள்ளிருந்து வெளியே, நேராக உங்கள் முகத்தின்மேல் ஊதுகிறது. அதற்குள் பி.எம்.இ. பாட்டிலைத் திறப்பது மேசையில் திறப்பதைவிட மோசம். பயோசேஃப்டி கேபினட்டின் ஹெப்பா ஃபில்டர் துகள்களையும் கிருமிகளையும் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. சாதாரண ஏ2 வகை கேபினட் காற்றில் பெரும்பகுதியை உள்ளேயே சுற்றவிட்டு, மிச்சத்தை அறைக்கே திருப்பி விடுகிறது. நீர்க்காத பி.எம்.இ-க்கு, கூரைக்கு மேல் குழாய் போகும் ஃப்யூம் ஹூட் மட்டுமே.

அதிலும், மின்விசிறி ஓடுகிறதா என்று சத்தத்தை வைத்து முடிவு செய்யாமல், ஒரு டிஷ்யூத் துண்டைக் கதவு விளிம்பில் பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் இழுபட வேண்டும். பாட்டில் விளிம்பிலிருந்து குறைந்தது 15 செ.மீ. உள்ளே இருக்கட்டும். கண்ணாடிக் கதவை ஹூடில் குறித்திருக்கும் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம். ஆவி காற்றைவிடச் சுமார் 2.7 மடங்கு கனமானது; விளிம்பில் வைத்தால் வழிந்து இடுப்பு உயரத்துக்கு இறங்கும். ஹூட் முழுக்கப் பழைய பாட்டில்களை அடைத்து வைத்திருந்தால் பின்புறக் காற்றுத்துளைகள் மறைந்து இழுவை குறையும். அதைக் காலி செய்வதும் இந்த வேலையின் பகுதிதான்.

கையுறையும் பிப்பெட்டும்

நம் லேப்களில் பெட்டி பெட்டியாக வாங்கும் மெல்லிய நைட்ரைல் கையுறை தற்செயலான தெறிப்புக்கு மட்டும்தான். அதன்மேல் சொட்டு விழுந்தால் "உள்ளே படவில்லையே" என்று வேலையைத் தொடரக் கூடாது. திரவம் ஊடுருவ நேரம் பிடிக்கும் என்பதுதான் அந்தக் கையுறை தரும் ஒரே சலுகை. உடனே கழற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவி, புதிது போடுங்கள். நீர்க்காத பாட்டிலைத் திறக்கும் வேலைக்கு நைட்ரைல் இரண்டு அடுக்கு போடுவது நல்லது: மேல் கையுறை வேலை முடிந்ததும் ஹூடுக்குள்ளேயே கழன்று பைக்குள் போய்விடும், உள் கையுறையோடு வெளியே வரலாம். கொட்டியதைத் துடைக்கவும், மி.லி. கணக்கில் ஊற்றவும் பியூட்டைல் ரப்பர் கையுறை ஒரு ஜோடி லேபில் இருக்க வேண்டும். லேடெக்ஸ் இதற்கு உதவாது. கண்ணாடி என்றால் பக்கவாட்டிலும் மூடிய காகிள்ஸ். பவர் கண்ணாடி கணக்கில் வராது. முழுக்கை கோட், மூடிய காலணி.

பிப்பெட் விஷயத்துக்கு வருவோம். திரவம் சற்றுக் கெட்டியானது, டிப்பின் வெளிச்சுவரில் ஒட்டும். மெதுவாக இழுத்து, ஒரு வினாடி நிறுத்தி, டிப்பைப் பாட்டில் கழுத்தின் உள்சுவரில் தொட்டு எடுங்கள். டிப்பை ஆழமாக முக்கினால் வெளிப்புறம் ஒட்டுவதே பல மைக்ரோலிட்டர் வரும். அளவும் தவறும், வழியெல்லாம் சொட்டும். ஃபில்டர் உள்ள டிப் கட்டாயம். இல்லையென்றால் ஆவி பிப்பெட் உடலுக்குள் ஏறி, அடுத்த வாரம் பி.சி.ஆர் போடுகிறவர் கையிலும் நாறும். முடிந்தால் ஒரு பழைய 200 மைக்ரோலிட்டர் பிப்பெட்டை இதற்கென்றே ஒதுக்கி, ஹூடிலேயே வைத்துவிடுங்கள்.

பயன்படுத்திய டிப்பைத் திறந்த குப்பைக் கூடையில் போடுவதுதான் மாடி முழுக்க நாறுவதற்கு முதல் காரணம். பாட்டில் மூடியிருக்கும், ஹூட் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் கூடையில் கிடக்கும் ஒரு டிப் மாலைவரை ஆவி விட்டுக்கொண்டிருக்கும். திறப்பதற்கு முன்பே ஹூடுக்குள் ஒரு ஜிப்லாக் பையைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்: டிப், மேல் கையுறை, துடைத்த டிஷ்யூ எல்லாம் அதற்குள். மூடி, லேபிள் ஒட்டி, அபாயக் கழிவு டப்பாவுக்கு.

நீர்த்து வைத்துக்கொள்ளும் கணக்கு

செல் வளர்ப்புக்கு 500 மி.லி. மீடியத்தில் 50 மைக்ரோமோலார் வேண்டும் என்றால், நீர்க்காத திரவத்தில் 1.75 மைக்ரோலிட்டர்தான் வரும். கெட்டியான திரவத்தில் அவ்வளவு சிறிய அளவைச் சரியாக எடுக்கவும் முடியாது, அதற்காக ஒவ்வொரு தடவையும் பாட்டிலைத் திறப்பதும் தேவையற்ற ஆபத்து. ஹூடில் 10 மி.லி. தண்ணீரில் 35 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 50 மில்லிமோலார் ஸ்டாக். 0.22 மைக்ரான் ஃபில்டர் வழியாக வடிகட்டி, சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள். மீடியத்துக்கு அதிலிருந்து 0.5 மி.லி. போதும். இந்த நீர்த்த ஸ்டாக்கைக் கேபினட்டில் திறக்கலாம். எக்காரணத்தைக் கொண்டும் ஆட்டோகிளேவ் செய்யாதீர்கள்: பாதி ஆவியாகிப் போகும், மீதி ஆக்சிஜனேற்றம் அடையும், ஆட்டோகிளேவ் அறைக்குள் யாரும் நிற்க முடியாது.

லேம்லி பஃபரில் இரட்டைச் செறிவு என்றால் 950 மைக்ரோலிட்டர் பஃபருக்கு 50 மைக்ரோலிட்டர் பி.எம்.இ., அதாவது 5 சதவீதம், சுமார் 710 மில்லிமோலார். நான்கு மடங்குச் செறிவுக்கு 900-க்கு 100. ஜெல் ஓட்டும் ஒவ்வொரு நாளும் இதைச் செய்வதற்குப் பதில், ஒரே உட்காரலில் 10 மி.லி. தயாரித்து, அரை மி.லி. பங்குகளாக மைனஸ் 20-இல் வைத்துவிடுங்கள். குளிரில் பஃபரில் உள்ள எஸ்.டி.எஸ். என்ற சோப்புப்பொருள் வெள்ளையாகப் படியும்; 37 டிகிரியில் சில நிமிடம் வைத்துத் தெளிந்த பிறகு பயன்படுத்தவும். ஒருமுறை உருக்கிய பங்கை மறுபடி உறைய வைக்காமல் அன்றைக்கே முடித்துவிட்டால் ஜெல்லும் சீராக வரும்.

ஆர்.என்.ஏ கிட்டுகளில் ஆர்.எல்.டி. என்ற லைசிஸ் பஃபருக்கு மி.லி-க்கு 10 மைக்ரோலிட்டர் என்பது வழக்கமான அளவு. ஆர்.என்.ஏ-வைச் சிதைக்கும் ரிபோநியூக்ளியேஸ் என்சைம்கள் டைசல்பைடுகளால் கட்டப்பட்டவை என்பதால்தான் இங்கே பி.எம்.இ. தேவைப்படுகிறது. கலந்த பஃபர் அறை வெப்பத்தில் ஒரு மாதம் தாங்கும், எனவே அந்த மாதத்துக்கு வேண்டியதை ஒரே நாளில் கலந்து, கலந்த தேதியைப் பாட்டில்மேல் எழுதுங்கள்.

சூடாக்கும்போது

லோடிங் பஃபரில் 95 டிகிரியில் ஐந்து நிமிடம் கொதிக்க வைக்கும்போது ட்யூப் மூடி பட்டென்று திறந்து தெறிப்பது சாதாரணமாக நடக்கிறது. மூடிப் பூட்டு போடுங்கள், அல்லது திருகு மூடி ட்யூப் பயன்படுத்துங்கள். ஹீட் பிளாக்கை ஹூடுக்குள் வையுங்கள். எடுத்தவுடன் திறக்காமல், ஒரு நிமிடம் ஆற விட்டு, சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்றுச் சுற்றி மூடியில் ஒட்டியதை இறக்கிய பிறகு திறந்தால் கையில் படுவதும் குறையும், சாம்பிளும் வீணாகாது.

இதைவிட மோசமானது தாவர டி.என்.ஏ வேலை. மா, வேம்பு, பருத்தி போல ஃபீனால் நிறைந்த இலைகளில் அரைத்தவுடன் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் குவினோன்களை உண்டாக்கி, அவை டி.என்.ஏ-வோடு ஒட்டிப் பழுப்பாக்கும். அந்த டி.என்.ஏ-வை ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைமும் வெட்டாது, பி.சி.ஆரும் ஓடாது. அதனால்தான் 2 சதவீத சி.டி.ஏ.பி., 1.4 மோலார் சோடியம் குளோரைடு, 20 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்வது), பி.எச். 8.0-இல் 100 மில்லிமோலார் ட்ரிஸ் கொண்ட பஃபரில் 0.2 சதவீதம் பி.எம்.இ. கடைசி நிமிடத்தில் சேர்க்கப்படுகிறது. 50 மி.லி-க்கு 100 மைக்ரோலிட்டர். கடினமான இலைகளுக்கு 2 சதவீதம்வரை போகிறார்கள். அப்போது அதே 50 மி.லி-க்கு 1 மி.லி., பத்து மடங்கு. அதற்குப் போகும் முன் பாலிவினைல்பைரோலிடோன் 1 அல்லது 2 சதவீதம் சேர்த்துப் பாருங்கள். ஃபீனால்களை அது பிடித்துக்கொள்வதால் பி.எம்.இ-ஐக் கூட்டத் தேவைப்படாமல் போகலாம்.

இந்தப் பஃபரை 65 டிகிரி வாட்டர் பாத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைக்கிறோம். வாட்டர் பாத் பெரும்பாலும் ஹூடுக்கு வெளியே, நடைபாதை ஓரத்தில் இருக்கும். ட்யூப் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கலக்க மூடியைத் திறக்காமல் தலைகீழாகத் திருப்பினாலே போதும். பஃபரைப் பீக்கரில் திறந்து வைத்துச் சூடாக்கி அதன் பிறகு இலைத்தூளோடு சேர்ப்பதாக இருந்தால், பி.எம்.இ. இல்லாமல் சூடாக்கி, ட்யூபுக்குள் ஊற்றும்போது ஹூடில் சேருங்கள். குளோரோஃபார்ம்-ஐசோஅமைல் ஆல்கஹால் படி முடிந்து மிஞ்சும் அடியடுக்கு ஹாலோஜன் கரைப்பான் கழிவு, அதில் பி.எம்.இ. இருப்பதையும் லேபிளில் எழுத வேண்டும்.

ப்ளீச் எச்சரிக்கை

நாற்றத்தைப் போக்க ப்ளீச் ஊற்று என்ற அறிவுரை லேப்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சோடியம் ஹைப்போகுளோரைட் தயாலை ஆக்சிஜனேற்றம் செய்து நாற்றத்தைப் போக்குவது உண்மைதான். ஆனால் நீர்க்காத பி.எம்.இ. மேல் ப்ளீச்சை ஊற்றினால் வினை கடுமையாகச் சூடேறிப் பொங்கித் தெறிக்கும். முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டு, எஞ்சிய தடத்தை மட்டும் நீர்த்த ப்ளீச்சால் துடைப்பது சரி, அதுவும் ஹூடில்.

அதைவிட முக்கியமானது: ஆர்.என்.ஏ லைசிஸ் பஃபர்களில் பெரும்பாலும் குவானிடின் தயோசயனேட் இருக்கிறது. அந்தக் கழிவில் ப்ளீச் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு, சயனோஜன் குளோரைடு போன்ற கொடிய வாயுக்கள் வரும். வைரஸ் மாதிரிகளைக் கையாளும் இடங்களில் "எல்லாக் கழிவுக்கும் ப்ளீச்" என்பது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் உள்ள லேபில் லைசிஸ் பஃபர் கழிவு டப்பாவின்மேல் "ப்ளீச் ஊற்றாதே" என்று பெரிதாக, தமிழில், துப்புரவுப் பணியாளர்களுக்கும் புரியும்படி எழுதி ஒட்டுங்கள். வெற்று டப்பா என்று நினைத்து ப்ளீச் போட்டுக் கழுவுகிறவர் அவராகத்தான் இருப்பார்.

கொட்டிவிட்டால், பட்டுவிட்டால்

ஹூடுக்குள் சில சொட்டு என்றால்: கதவை இறக்கி, உறிஞ்சும் பட்டையை மேலே போட்டு, ஜிப்லாக் பையில் அடைத்து, சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை துடைக்கவும். ஹூடுக்கு வெளியே பாட்டில் உடைந்தால் அது வேறு நிலைமை. பக்கத்தில் இருப்பவர்களை வெளியேற்றுங்கள், அருகில் எரியும் பர்னர் இருந்தால் போகிற போக்கில் அணைத்துவிடுங்கள் (இது எரியக்கூடிய திரவம், எரிந்தால் கந்தக ஆக்சைடுகள் வரும்), கதவை மூடுங்கள், பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடுங்கள். சாதாரண துணி முகமூடியும் என்95-உம் ஆவியைத் தடுக்காது. அவற்றை நம்பித் திரும்ப உள்ளே போக வேண்டாம்.

தோலில் பட்டால் கையுறை, கோட், நனைந்த துணி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்போடு 15 நிமிடம் கழுவுங்கள். கூச்சத்தால் நனைந்த உடையோடே கழுவ முயல்வது ஆபத்து. துணியில் ஊறியது தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எரிச்சல் தெரியவில்லை என்றாலும் மருத்துவரிடம் போக வேண்டும், ஏனென்றால் பயப்பட வேண்டியது தோல் காயத்துக்கு அல்ல, உள்ளே போனதற்கு. கண்ணில் பட்டால் இமைகளைப் பிரித்துப் பிடித்து 15 நிமிடம் கழுவி, காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவும்போதே எடுத்து, நேராகக் கண் மருத்துவரிடம். விழுங்கியவரை வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். எதுவானாலும் எம்.எஸ்.டி.எஸ் அச்சுப்பிரதி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அவசரப் பிரிவில் "ஏதோ லேப் கெமிக்கல்" என்று சொல்வதால் பயனில்லை, சி.ஏ.எஸ். எண் 60-24-2 என்று சொன்னால் அவர்கள் உடனே தேடி எடுக்க முடியும்.

எவ்வளவு நேரம் வேலை செய்யும்

பாதுகாப்போடு இதற்கென்ன தொடர்பு என்று தோன்றலாம். பஃபரில் பி.எம்.இ. செத்துப்போனது தெரியாமல் ஜெல் சரியாக வரவில்லை என்று, இன்னும் கொஞ்சம் ஊற்று, இன்னும் கொஞ்சம் ஊற்று என்று போவதுதான் தொடர்பு. 20 டிகிரியில், பி.எச். 6.5-இல் இதன் அரை ஆயுள் 100 மணி நேரத்துக்கு மேல், பி.எச். 8.5-இல் 4 மணி நேரம்தான். அதே பி.எச்-இல் 40 டிகிரிக்கு ஏற்றினால் 1 மணி நேரம். 0.1 மில்லிமோலார் தாமிர அயனி இருந்தால், 20 டிகிரியிலேயே 0.6 மணி நேரம். அதற்குப் பதில் 0.1 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. சேர்த்தால் மறுபடி 100 மணி நேரத்தைத் தாண்டுகிறது. ஆகவே காரத்தன்மையுள்ள பஃபரில் வேலைக்குச் சற்று முன் சேர்ப்பதும், உங்கள் வேலை அனுமதித்தால் ஈ.டி.டி.ஏ. வைப்பதும், கூடுதலாக ஊற்றுவதைவிட எவ்வளவோ மேல்.

நிக்கல் பத்தியில் (column) புரதம் பிரிப்பவர்கள் ஈ.டி.டி.ஏ. சேர்க்க முடியாது, அது நிக்கலையே உருவிவிடும். அங்கே பி.எம்.இ. 20 மில்லிமோலார்வரை பத்தி தாங்கும், இதே வேலை செய்யும் டி.டி.டி. (டைதயோத்ரெய்டால்) போட்டால் பத்தி பழுப்பாகும். பி.சி.ஏ. முறையில் புரத அளவு பார்ப்பதை பி.எம்.இ. சேர்க்கும் முன்பே முடித்துவிடுங்கள். அந்த முறை தாமிரம் ஒடுங்குவதை அளக்கிறது, பி.எம்.இ-யும் அதையே செய்யும். வெள்ளிச் சாயம் போட்ட ஜெல்லில் எல்லாப் பாதையிலும் 50-க்கும் 70 கிலோடால்டனுக்கும் இடையில் பட்டைகள் தெரிந்தால், ஒடுக்கும் பஃபரில் தோல் கெராட்டின் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கையுறை இல்லாமல் யாரோ கலந்திருக்கிறார்கள்.

மாற்று இருக்கும்போது மாற்றுங்கள்

என் கருத்தில், ஜெல்லுக்காக மட்டும் பி.எம்.இ. வைத்திருக்கும் லேப் அதை நிறுத்திவிடலாம். டி.டி.டி. பொடியாக வருகிறது, 1.54 கிராமை 10 மி.லி. தண்ணீரில் கரைத்தால் 1 மோலார். லோடிங் பஃபரில் இறுதிச் செறிவு 100 மில்லிமோலார் போதும், ஏனென்றால் டி.டி.டி. டைசல்பைடைப் பிரித்தபின் தானே ஆறணு வளையமாகச் சுருண்டுவிடுவதால் வினை பின்னோக்கித் திரும்புவதில்லை. நாற்றம் குறைவு. விழுங்கினால் தீங்கு, தோலிலும் கண்ணிலும் எரிச்சல் உண்டு, ஆனால் தோலில் பட்டால் உயிரிழப்பு என்ற எச்சரிக்கை இல்லை. பி.எச். 8.5-இல் அரை ஆயுள் ஒன்றரை மணி நேரம்தான் என்பதால் சிறு பங்குகளாக மைனஸ் 20-இல் உறைய வைத்து, எடுத்ததை அன்றே முடிக்க வேண்டும். டி.சி.ஈ.பி. என்ற இன்னொரு மாற்று நாற்றமே இல்லாதது, அமிலம் முதல் காரம்வரை வேலை செய்யும். ஹைட்ரோகுளோரைடு உப்பைக் கரைத்தால் கரைசல் கடும் அமிலமாக இருக்கும், சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 7-க்குக் கொண்டுவரவும். பாஸ்பேட் பஃபரில், நடுநிலைக்கு அருகில் சில நாட்களில் கெட்டுவிடும்; ட்ரிஸ் அல்லது ஹெப்பிஸில் வையுங்கள். விலை கூடுதல். செல் வளர்ப்பில் மட்டும் பி.எம்.இ-க்குப் பதில் வேறொன்றை யோசிக்காமல் போடாதீர்கள்: நிணநீர்ச் செல்கள் சிஸ்டீனை உள்வாங்க அது தனி வழியில் உதவுகிறது.

வைப்பதும் அனுப்புவதும்

வாங்கும்போதே 500 மி.லி. வேண்டாம். 25 அல்லது 100 மி.லி. போதும், பெரிய பாட்டில் திறக்கத் திறக்கக் காற்று ஏறிக் கெடும், உடைந்தால் இழப்பும் பெரிது. பாட்டிலை ஒரு மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, காற்றோட்டமுள்ள அலமாரியில், ஹைட்ரஜன் பெராக்சைடு, நைட்ரிக் அமிலம், ப்ளீச் இவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். கோல்டு ரூம் வேண்டாம்: அங்கே அதே காற்றுதான் சுற்றுகிறது, உள்ளே போகிறவர் அதையே சுவாசிக்கிறார். பக்கத்து நிறுவனத்திலிருந்து கடன் வாங்கி, பையில் போட்டுப் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ கொண்டுவருவதும் கூடாது. போக்குவரத்து விதிகளில் இது யு.என். 2966, நச்சுப் பொருள் வகுப்பு 6.1. அதற்குரிய பேக்கிங்கில் விற்பனையாளர் வழியாகத்தான் வர வேண்டும்.

சிங்கில் ஊற்றாதீர்கள், நீர்வாழ் உயிர்களுக்கு இது மிகுந்த நச்சு, நீண்டகால விளைவும் உண்டு. அதோடு, சிங்கின் வளைகுழாயில் தேங்கியது கீழ்த்தளம்வரை நாறும். கழிவு டப்பாவின் லேபிளில் "பஃபர் கழிவு" என்று மட்டும் எழுதாமல் பி.எம்.இ. எத்தனை சதவீதம், கூட என்ன கரைப்பான், எந்தத் தேதியில் நிரப்பத் தொடங்கியது என்று எழுதுங்கள். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள்படி, கழிவை வளாகத்தில் வைத்திருக்கும் காலம் பொதுவாக 90 நாட்களுக்கு மேல் போகக் கூடாது. தேதி இல்லாத டப்பாவுக்கு அந்தக் கணக்கே போட முடியாது. தீர்ந்துபோன பாட்டிலைக் கழுவி வேறு கரைசலுக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் பல லேப்களில் உண்டு. இதற்கு அது கூடாது. அபாயப் பொருள் ஒட்டிய வெற்றுக் கலன்களும் அதே விதிகளின் பட்டியலில் வருகின்றன. மூடியை இறுக்கி, பழைய லேபிளைக் கிழிக்காமல், கழிவு எடுக்க வருகிறவர்களிடம் அப்படியே கொடுத்துவிடுங்கள்.